பைபாஸ் போட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?

போன டிசம்பர் லீவுல நடந்தது. மேட்டுப்பாளையத்துலேர்ந்து கோத்தகிரிக்கு அப்பா, அம்மா, நான் மூணு பேரும் எங்க பழைய கார்ல ஏறிக்கிட்டிருந்தோம். மணி ஏழு தாண்டிடுச்சு. குஞ்சப்பனை தாண்டினதும் மிஸ்ட் இறங்க ஆரம்பிச்சுது. மலைக்காரங்களுக்கு மிஸ்ட் ஒண்ணும் புதுசு இல்ல. முன்கண்ணாடி உள்பக்கமா மங்கினா ஹீட்டரைப் போட்டு, காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விட்டா ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிடும்.

அன்னிக்கு அப்பா ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடி இன்னும் மோசமா மங்குச்சு. கூடவே வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு வாசனை. அம்மா துண்டால துடைச்சாங்க. துடைக்கத் துடைக்க எண்ணெய் பூசின மாதிரி இழுவிக்கிச்சு. எதிர்ல வந்த பஸ்ஸோட லைட் அந்த இழுவல்ல பட்டுக் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாயிடுச்சு. பஸ் தாண்டிப் போன அடுத்த வளைவுல, ரோட்டு நடுவுல ஒரு காட்டெருமை. அப்பா பிரேக்கை மிதிச்சப்போ எங்களுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கார் நீளம்கூட இல்ல. அது எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு நிதானமா தேயிலைத் தோட்டத்துக்குள்ள போயிடுச்சு. மிச்ச தூரம் முழுக்க அப்பா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் ஓட்டினார்.

மறுநாள் காலையில மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனோம். மோந்து பார்த்தார், கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தார், அரை நிமிஷத்துல சொல்லிட்டார். "ஹீட்டர் கோர் போயிடுச்சு தம்பி. டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும், ரெண்டு நாள் ஆகும். இந்த மாடலுக்குப் புது கோர் கிடைக்கறதும் கஷ்டம். ரெண்டு ஹோஸையும் சேத்து பைபாஸ் போட்டுடறேன். நூறு ரூபா வேலை."

இந்தக் கட்டுரை அந்த நூறு ரூபா வேலையைப் பத்தித்தான்.

கோயம்புத்தூர்ல, சென்னையில இருக்கற நண்பர்கள் "கார்ல ஹீட்டரா, அது எதுக்குடா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். சமவெளியில ஓடற வண்டிக்கு பைபாஸ் போட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல, நானே போடச் சொல்லுவேன். ஆனா மலையில ஹீட்டர்ங்கறது குளிருக்கான சொகுசு மட்டும் கிடையாது. 12 டிகிரியில முழு ஈரத்தோட, அதாவது 100 சதவீத ஈரப்பதத்தோட இருக்கற காத்தை 35 டிகிரிக்குச் சூடாக்கினா, அதே காத்தோட ஈரப்பதம் கிட்டத்தட்ட 25 சதவீதமா குறைஞ்சிடும். தண்ணி எங்கேயும் போகல, காத்தோட கொள்ளளவுதான் கூடுச்சு. அந்தக் காத்துதான் கண்ணாடியில இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஏசி இருந்தா அதுவும் ஈரத்தைப் பிழியும், ஆனா எங்க வண்டியில ஏசி கம்ப்ரசர் செத்து வருஷக்கணக்காச்சு. அதனால எங்களுக்கு ஹீட்டர்னா பார்வை.

வண்டி 1997 மாடல் சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பேர் வேண்டாம், அதோட தப்பு எதுவும் இதுல இல்ல. 2022-ல ஆர்.சி. புதுப்பிக்கப் போனப்போ கட்டணம் 600-லேர்ந்து 5,000 ஆகியிருந்தது. அப்பா முணுமுணுத்துக்கிட்டே கட்டினார். காட்டெருமை நடந்த ராத்திரி "இனிமே இது வேண்டாம், வித்துடலாம்"னு முதல் தடவையா சொன்னார். பழைய இரும்பு விலைக்குத்தான் போகும், புதுசு வாங்கற நிலைமையும் இப்போ இல்ல. அம்மாவுக்கு மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரணும்.

நான் தேர்ட் இயர் மெக்கானிக்கல். போன செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர்ல நல்ல கிரேடு. எல்.எம்.டி.டி. கணக்கு கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். ஹீட்டர் கோர்ங்கறது ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். என்ஜினைச் சுத்தி வர்ற சூடான கூலன்ட் ரெண்டு ஹோஸ் வழியா, என்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல இருக்கற தகட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, டேஷ்போர்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற நோட்டு சைஸ் குட்டி ரேடியேட்டர்ல ஓடிட்டுத் திரும்பிப் போகும். ப்ளோயர் அதுமேல காத்தை ஊதும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்கு எஃபெக்டிவ்னெஸ் கண்டுபிடின்னா கண்டுபிடிப்பேன். இதுல ஓட்டை எங்கேன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியல. நாலு வருஷப் பாடத்திட்டத்துல எந்த இடத்துலயும் ஒரு மெஷின் கெட்டுப்போறதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? நம்ம பாடப்புத்தகக் குழாய்கள் எதுவும் ஒழுகாது.

அண்ணன்கிட்ட "ரெண்டு நாள் டைம் கொடுங்க, நானே பாக்கறேன்"னு சொல்லி வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். அவர் சிரிச்சார்.

முதல்ல ஒரு பழைய கதை. இதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அம்மா உக்கார்ற பக்கம் கார்பெட் ஈரமா இருந்திருக்கு. மழைக்காலம். முன்கண்ணாடி ரப்பர் வழியா மழைத்தண்ணி இறங்குதுன்னு முடிவு பண்ணி, வேற ஒரு கடையில 1,800 ரூபா கொடுத்து அப்பா ரப்பரை மாத்தியிருக்கார். ஈரம் போகல. கால்கிட்ட ஈரம் வர மூணு வழி இருக்கு. மழைத்தண்ணி, ஏசி தண்ணி வெளியே போற குழாய் அடைப்பு, அப்புறம் கூலன்ட். முதல் ரெண்டும் வெறும் தண்ணி. மூணாவது பிசுபிசுன்னு இருக்கும், பச்சையோ சிவப்போ சாயம் இருக்கும், இனிப்பு வாசனை வரும். ஒரு வெள்ளைத் துணியை வச்சு அழுத்தி எடுத்துப் பார்த்திருந்தா 1,800 ரூபா மிச்சம். (வாசனை இனிப்பா இருக்குன்னு யாரும் நாக்குல வச்சுப் பார்க்காதீங்க. கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் விஷம். வடிச்ச கூலன்ட்டைத் தெருவுலயும் ஊத்தாதீங்க, இனிப்புக்காக நாய் நக்கும், செத்துப்போகும்.)

நான் வெள்ளைத் துணியை வச்சேன். பச்சை. கண்ணாடியில இழுவின எண்ணெய்ப்படலமும் அதேதான், ஆவியாகி வந்து கண்ணாடியில படிஞ்ச கிளைக்கால். ஆக கூலன்ட்தான், சந்தேகம் இல்ல. ஆனா "கூலன்ட் உள்ளே வருது" வேற, "கோர் போயிடுச்சு" வேற. நடுவுல ஹோஸ் இருக்கு, கிளாம்ப் இருக்கு, ஹீட்டருக்கு வெந்நீரைத் திறந்து மூடற வால்வு இருக்கு, குழாய் சேர்ற இடத்துல ரப்பர் வளையம் இருக்கு. எதுல ஒழுகினாலும் தண்ணி குழாயோட வயித்துப் பக்கமா ஊர்ந்து வந்து கார்பெட்லதான் சொட்டும்.

என்ஜின் குளிர்ந்திருக்கறப்போ டார்ச் அடிச்சுத் தேடினேன். ஒரு சொட்டுகூட இல்ல. இது ஏன்னு யோசிக்க அரை நாள் ஆச்சு, பரீட்சையில கேட்டிருந்தா அரை நிமிஷத்துல எழுதியிருப்பேன். கூலிங் சிஸ்டம் ஓடறப்போதான் அழுத்தம் ஏறும். ரேடியேட்டர் மூடிமேல 0.9 அப்படின்னு ஒரு எண் அச்சடிச்சிருக்கும். வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல 0.9 பார் வரைக்கும் அந்த மூடி தாக்குப்பிடிக்கும்னு அர்த்தம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும். மூடி அழுத்திப் பிடிக்கறதாலதான் என்ஜின்ல 115 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்குது. அதாவது லீக்கைப் பாக்கணும்னா அழுத்தம் வேணும், ஆனா சூடான என்ஜின்கிட்ட கையை விட்டாலோ, மூடியைத் திறந்தாலோ முகம் வெந்துடும்.

இதுக்குன்னே கைப்பம்பு வச்ச பிரஷர் டெஸ்டர் இருக்கு. நம்ம ஆட்டோமொபைல் லேப்லயும் ஒண்ணு கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு, எல்லாரும் பார்த்திருப்பீங்க. அது எனக்குக் கிடைக்கல. அதனால ஒரு பழைய ரேடியேட்டர் மூடியை வாங்கி, நடுவுல ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒண்ணை அதுல இறுக்கி உக்கார வச்சேன். சைக்கிள் பம்பு, டயர் பிரஷர் கேஜ் வீட்டுலயே இருந்தது. 0.9 பார்னா 13 பி.எஸ்.ஐ. அதுக்கு மேல அடிக்கக் கூடாது, அடிச்சா இல்லாத லீக்கையும் நாமே உண்டாக்கிடுவோம். ஹீட்டர் கன்ட்ரோலை முழுச் சூட்டுல வைக்கணும், இல்லாட்டி வால்வு மூடியிருக்கும், கோருக்குள்ள அழுத்தமே போகாது. (இதை முதல் தடவை மறந்தேன். அரை மணி நேரம் கேஜ் அசையலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்.)

ரெண்டாவது தடவை கேஜ் இறங்குச்சு. 13-லேர்ந்து பத்து நிமிஷத்துல 7. அம்மா உள்ளே குனிஞ்சு பார்த்துட்டு "இங்க பாருடா"ன்னாங்க. சுவர் தாண்டி வர்ற ஹோஸ்ல, வால்வு சேர்ற இடத்துல, கிளாம்புக்கு அடியில பச்சையா ஒரு முத்து. கிளாம்ப் துருப்பிடிச்சுத் தளர்ந்திருந்தது, ஹோஸ் முனை பாளம் பாளமா வெடிச்சிருந்தது. ஹோஸ் முனையை வெட்டிவிட்டு 30 ரூபா கிளாம்ப் ஒண்ணு புதுசா மாட்டினேன். டேஷ்போர்டைக் கழட்டவே வேண்டியதில்ல! அண்ணனுக்கு போன் போட்டு "கோர் நல்லாத்தான் இருக்கு"ன்னு பெருமையா சொன்னேன். அவர் "சரி தம்பி"ன்னார்.

மூணாவது நாள் கார்பெட் மறுபடியும் ஈரம்.

அன்னிக்குத்தான் உருப்படியா யோசிச்சேன்னு சொல்லணும். ஒரு லீக்கைக் கண்டுபிடிச்சதும் அதுதான் *அந்த* லீக்னு முடிவு கட்டிட்டேன். அதை மாத்தினதுக்கு அப்புறம் திரும்ப அழுத்தம் ஏத்திப் பார்க்கவே இல்ல. ப்ரோக்ராமிங் பண்றவங்களுக்கு இது பழக்கமான முட்டாள்தனம். ஒரு பக் சரி பண்ணிட்டு, டெஸ்ட்டை ஓட்டாமலேயே அனுப்பிடறது.

இந்த முறை பாதிப் பாதியா பிரிச்சேன். ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் என்ஜின் பக்கமா கழட்டி, ஒரு யு வடிவக் குழாயால ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தேன். ஆமாம், அண்ணன் சொன்ன அதே பைபாஸ்தான், ஆனா தற்காலிகமா. அழுத்தம் ஏத்தினா கேஜ் அசையல, ஒரு மணி நேரம் 13-லயே நின்னுச்சு. ஆக என்ஜின், ரேடியேட்டர், மத்த ஹோஸ் எல்லாம் நல்லாயிருக்கு. லீக் சுவருக்கு உள்பக்கம். அடுத்து வால்வைத் தாண்டி கோர் பக்கம் மட்டும் ஒரு முனையை அடைச்சு, மறு முனையில காத்து அடிச்சேன். இறங்குச்சு. அண்ணன் அரை நிமிஷத்துல சொன்னது சரி. நான் அதைத் தெரிஞ்சுக்க நாலு நாள் ஆச்சு. ஆனா அந்த கிளாம்பும் லீக்தான், அது அவருக்குத் தெரியாது.

டேஷ்போர்டு கழட்டின கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஒண்ணரை நாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனி கவர்ல போட்டு மேல எழுதி வைங்க, ஒயர் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, அதுக்கும் முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. அப்பா ஸ்பீடோமீட்டர் இல்லாத காரைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டார்.

கோர் கைக்கு வந்தது. நல்லவேளை, பித்தளையும் தாமிரமும் கலந்தது. அலுமினியமா இருந்திருந்தா சாதாரண ஈயப்பத்து பிடிக்காது, மாத்தித்தான் ஆகணும். லீவு முடிஞ்சு வர்றப்போ கோயம்புத்தூருக்கு எடுத்துக்கிட்டு வந்து ஒரு ரேடியேட்டர் கடையில கொடுத்தேன். அறுபது வயசுக்கு மேல இருக்கற ஒரு ஐயா. ஒரு முனையை ரப்பர் தக்கையால அடைச்சார், மறு முனையில காத்து விட்டார், தண்ணித் தொட்டியில முக்கினார். சைக்கிள் பஞ்சர் பாக்கற அதே டெக்னிக். மேல் தொட்டியும் குழாயும் சேர்ற விளிம்புல ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, வரிசையா குமிழி. "எத்தனை வருஷமா வெறும் தண்ணி ஊத்துனீங்க?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லல. கவுத்துத் தட்டினார், செம்மண் நிறத்துல சேறு வந்தது. சுத்தம் பண்ணி, ஈயம் வச்சு, திரும்ப முக்கிக் காட்டி, 400 ரூபா வாங்கினார்.

அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமா பட்டது. ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு, ஏன் வந்துச்சு? கூலன்ட்ங்கறது வெறும் கலர் தண்ணி இல்ல. அதுல துருப்பிடிக்காம காக்கற வேதிப்பொருள்கள் இருக்கு, அதுங்க காலப்போக்குல தீர்ந்துபோகும். எங்க வீட்டுல கூலன்ட் குறையக் குறைய போர் தண்ணியை ஊத்தியிருக்கோம், கேனை எடுக்கச் சோம்பல். அந்தத் தண்ணியோட உப்பு, வேற வேற உலோகங்கள், சூடு எல்லாம் சேர்ந்தா உள்ளுக்குள்ள ஒரு பேட்டரி ஓடற மாதிரிதான். இன்னொண்ணும் பார்த்தேன். மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வச்சு, இன்னொரு முனையை ரேடியேட்டர் வாயில இருக்கற தண்ணியில முக்கினேன், உலோகத்துல படாம. லைட்டும் ப்ளோயரும் போட்டதும் எண் 0.4 வோல்ட்டுக்கு ஏறுச்சு. போடறப்போ ஏறுதுன்னா எர்த் சரியில்ல, கரன்ட் தண்ணி வழியா வீடு திரும்புதுன்னு அர்த்தம். என்ஜினையும் பாடியையும் சேர்க்கற எர்த் பட்டை பச்சையா பூத்திருந்தது. சுரண்டி இறுக்கினதும் ஏறறது நின்னுச்சு.

இப்போ அந்த நூறு ரூபா பைபாஸுக்கு வருவோம். அன்னிக்கே போட்டிருந்தா கார்பெட் காஞ்சிருக்கும். அதே உப்புத்தண்ணி, அதே எர்த் கோளாறோட ரேடியேட்டரை அரிச்சிருக்கும், அந்த வெடிச்ச ஹோஸையே பைபாஸுக்குப் பயன்படுத்தியிருந்தா ஒரு நாள் மலை ஏறறப்போ மொத்தமா பிய்ச்சுக்கிட்டிருக்கும். கூலன்ட் இல்லாம என்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போயிருக்கும். அதோட, மிஸ்ட்ல கண்ணாடி மங்கறது மங்கிக்கிட்டேதான் இருந்திருக்கும். ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போடற வைத்தியமும் இந்த ரகம்தான். ரோட்டுல நடுராத்திரி மாட்டிக்கிட்டா போடுங்க, தப்பில்ல. ஆனா ஓட்டையை அடைக்கற அதே தூள் ஹீட்டர் கோரோட மெல்லிய குழாயையும் அடைக்கும், தூளுக்கு எது ஓட்டை எது குழாய்னு தெரியாது.

இதுக்காக மெக்கானிக் அண்ணனைக் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் போட்ட நேரம் கிட்டத்தட்ட ஒரு வாரம். அவர் அதே வேலையை ரெண்டு நாள்ல முடிப்பார், ஆனா அந்த ரெண்டு நாளுக்கு யார் காசு கொடுப்பாங்க? 350 ரூபா ஹோஸ் மாத்தினா கொடுப்போம். 'அரை நாள் தேடினேன், 30 ரூபா கிளாம்ப்தான் பிரச்சினை'ன்னு சொல்லி 800 கேட்டா சண்டைக்குப் போவோம். "சும்மா பார்த்ததுக்கு எட்டுநூறா?" எங்க அப்பாவும் இதைத்தான் கேப்பார், உங்க அப்பாவும் இதைத்தான் கேப்பார். பார்ட்ஸுக்குத்தான் காசு, கண்டுபிடிக்கறதுக்கு இல்லைன்னு நாமதான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். அப்புறம் அவங்க தேடாம பார்ட்ஸை மாத்தறாங்க, இல்லன்னா பைபாஸ் போடறாங்க. தேவையில்லாத முன்கண்ணாடி ரப்பருக்கு 1,800 கொடுத்தோமே, அதுக்கு யாரும் சண்டை போடல. கையில ஒரு பொருள் வந்துச்சே!

நம்ம லேபும் அப்படித்தான். ஹீட் எக்ஸ்சேஞ்சர் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ரிக் தயாரா இருக்கும், ரீடிங் எடுப்போம், சீனியரோட ரெக்கார்டுல இருக்கற எண் வரலன்னா எண்ணை 'சரி' பண்ணிடுவோம். இதையும் பைபாஸ்னுதான் சொல்லணும். லேப் அசிஸ்டன்ட் அண்ணன் மாசம் ரெண்டு தடவை அந்த ரிக்கை நோண்டி ஓட வைக்கறார், அதைப் பார்க்க நம்மளை யாரும் கூப்பிடறதில்ல. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். செமஸ்டருக்கு ஒரு லேப் வகுப்பாவது, ரிக்ல வேணும்னே ஒரு கோளாறு வச்சுக் கொடுங்க. ஒரு கேஸ்கெட்டைத் தளர்த்தி வைங்க, ஒரு தெர்மோகப்பிளை மாத்திக் கொடுங்க. கண்டுபிடிச்சா மார்க். கண்டுபிடிக்கலன்னா, எதை எதை இல்லைன்னு நிரூபிச்சாங்களோ அதுக்கும் மார்க். அப்படியே அந்தக் கண்ணாடி அலமாரிச் சாவியையும்.

மிச்சத்தைச் சொல்லி முடிச்சிடறேன். பொங்கல் லீவுல கோரை மாட்டினேன். ஹோஸ் ரெண்டும் புதுசு, கிளாம்ப் எல்லாம் புதுசு, உள்ளே நல்ல தண்ணியால மூணு தடவை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. டேஷ்போர்டை மூடறதுக்கு *முன்னாடி* அழுத்தம் ஏத்தி ஒரு ராத்திரி முழுக்க விட்டேன், காலையில கேஜ் அப்படியே இருந்தது. முதல்ல ஓட்டினப்போ ஹீட்டர்ல வெறும் குளிர்காத்துதான் வந்துச்சு, வயித்துல புளியைக் கரைச்சுது. ஏர் லாக். என்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்தி, மூடியைத் திறந்து வச்சு, ஹீட்டரை முழுச் சூட்டுல போட்டு ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதுல குமிழி எல்லாம் வெளியே வந்து, சூடு வந்தது. நாலு ஸ்க்ரூ மிச்சம். எங்கேன்னு தெரியல.

பிப்ரவரியில அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போயிட்டு ராத்திரி திரும்பினப்போ நல்ல மிஸ்ட்டாம். போன்ல அம்மாதான் சொன்னாங்க. கண்ணாடி தெளிவா இருந்துச்சாம், அப்பா வண்டியை விக்கற பேச்சை எடுக்கறதில்லையாம். என்னோட ஓட்டை போட்ட ரேடியேட்டர் மூடியை மெக்கானிக் அண்ணன் வாங்கிட்டுப் போயிருக்கார், ஒரு ஜீப்புக்கு வேணுமாம். இன்னும் திருப்பிக் கொடுக்கல.